பிறர் பொருள் நம் கையில்: மூலக்கொத்தளம் கேமராக்காரர் நடத்திக் காட்டிய பாடம்



இப்பகுதியில் எடையளவு, உரிமம், வரி, கொள்முதல் என்று கடைக்கு நேரடியாக உதவும் செய்திகளையே எழுதி வருகிறோம். இம்முறை கேமரா பழுது பார்த்த ஒரு நண்பரைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்பது நியாயமே.

நாம் காசு கொடுத்து வாங்கி வைத்த சரக்கு நம்முடையது. ஆனால் எந்தக் கடையை எடுத்துக்கொண்டாலும் நம்முடையதல்லாத பொருளும் கொஞ்சம் இருக்கும். அரைத்து வைக்கச் சொல்லி ஒரு அம்மா கொடுத்த மிளகாய், திருப்பி அனுப்ப வேண்டிய காலி டின், "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று யாரோ ஓரமாக வைத்துவிட்டுப் போன பை, இடம் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் நம் கிடங்கில் இறக்கிய இருபது மூட்டை. இவற்றுக்கு நாம் கணக்கு எழுதுவதில்லை. தகராறு வரும் இடமும் பெரும்பாலும் இதுதான். நம் நண்பரின் கடையிலோ திருப்புளிகளையும் ஒரு இட்லித் தட்டையும் தவிர அவருடைய பொருள் என்று ஒன்றும் கிடையாது. அலமாரி முழுவதும் ஊரார் பொருள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்படியே நடத்தினார். அவர் காலமான பிறகு நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இது நம் உறுப்பினர்கள் அனைவரும் படிக்க வேண்டிய விஷயம் என்று பட்டது.

கடையும் காலமும்

மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஒட்டிய தெருவில் அவர் கடை. மொழிப்போரில் 1939இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் உள்ள சுடுகாடு அதுதான் என்பது வடசென்னை வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு சிறிய கடை. மவுண்ட் ரோடில் ஒரு கேமரா கடையின் சர்வீஸ் பிரிவில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர், 1970களின் கடைசியில் இங்கே தனியாக வந்து உட்கார்ந்தார். தெருவில் எல்லோரும் கேமராக்காரர் என்றே கூப்பிட்டோம். அவர் எங்களை, வயது வித்தியாசம் பார்க்காமல், அண்ணாச்சி என்பார்.

அன்றைய நிலையை இளைய உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1991க்கு முன்பு வெளிநாட்டுக் கேமராவைச் சட்டப்படி இறக்குமதி செய்து வாங்குவது சாமானியருக்கு எட்டாத காரியம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 என்ற பெட்டிக் கேமராதான் நடுத்தரக் குடும்பத்தின் கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். ஃபிலிமுக்கு நம் ஊட்டியிலேயே அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியை ஆரம்பித்து, 'இந்து' என்ற பெயரில் விற்றது. நல்ல கேமரா வேண்டும் என்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கப்பலில் வந்து பர்மா பஜாருக்குள் நுழைந்ததை வாங்க வேண்டும். ஒரு யாஷிகா வைத்திருந்தவர் அதை வைத்தே மகளுக்குக் கல்யாணம் செய்த காலம். அது நின்றால் புதிது வாங்க வழியில்லை. பழுது பார்க்கத்தான் வேண்டும். அதனால் கேமராக்காரரிடம் வந்த ஒவ்வொரு பொருளும் ஒரு குடும்பத்தின் முதல் என்றே சொல்லலாம்.

வாடிக்கையாளர்களில் கல்யாண ஃபோட்டோகிராபர்கள் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, சாவு வீட்டுப் படம் எடுப்பவர்கள். இப்போது அந்த வழக்கம் குறைந்துவிட்டது. அப்போது பெரியவர் ஒருவர் இறந்தால், மாலையிட்டு உட்கார வைத்து, பிள்ளைகளும் பேரன்களும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் பாட்டனாருக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். ஒரு நாள் மதியம் ஒரு ஃபோட்டோகிராபர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஷட்டர் திறக்கவில்லை. ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்டது. கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேமராவை ஒரு முறை காதருகே வைத்து அழுத்திப் பார்த்தார், "இதைத் தொட்டா ரெண்டு மணி நேரம். இதை எடுத்துட்டுப் போங்க" என்று அலமாரியிலிருந்து வேறொரு கேமராவை நோக்கிக் கை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அது வேறொருவர் ரிப்பேருக்குக் கொடுத்தது. வேலை முடிந்து தயாராகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனாலும் கொடுக்கவில்லை. எங்கள் கடையில் ஃபோன் இருந்ததால் அங்கே வந்து, பழைய வண்ணாரப்பேட்டையில் தனக்குத் தெரிந்த ஸ்டுடியோவுக்குப் பேசி, ஒரு பையனை சைக்கிளில் அனுப்பிச் சொந்தக்காரர் சம்மதத்தோடு ஒரு கேமரா வரவழைத்தார். ஊர்வலத்தைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார்கள்.

அவசரத்துக்கு உதவ வேண்டாமா என்று அன்று எங்களில் சிலர் அவரிடம் சண்டை போட்டோம். "அண்ணாச்சி, உங்க கடையில ஒருத்தர் அரைக்கக் கொடுத்த மிளகாயை இன்னொருத்தர் குழம்புக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தொழில் நுட்பம் கொஞ்சம்

அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் வைத்த கணக்கின் அருமை புரியும்.

கேமரா என்பது சுருக்கமாகச் சொன்னால் வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் கருவி. நாம் தராசில் அளக்கிறோம். அது நேரத்தில் அளக்கிறது. ஷட்டர் என்ற கதவு ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்து மூட வேண்டும் என்றால் அவ்வளவே திறக்க வேண்டும். இரண்டு பங்கு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும். அந்தக் கதவின் தகடுகளில் எண்ணெய்ப் பசை ஏறினாலே தாமதம் வந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று கொண்டு வருபவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். ஷட்டர் தகடு காய்ந்து இருக்க வேண்டும். வெள்ளைப் பெட்ரோலில் மறுபடி மறுபடி அலசி அந்த எண்ணெயை எடுப்பார்.

சரி, விநாடியில் 125இல் ஒரு பங்கை எதை வைத்து அளப்பது? அதற்கான கருவி அன்று அவரிடம் இல்லை. ஒரு பழைய கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருந்தார். கடைக்கு வருபவர்கள் சினிமா பார்க்க வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து டி.வி. படம் 625 கோடுகளால் ஆனது. விநாடிக்கு 25 முறை முழுப் படம் வரையப்படும். ஆக விநாடிக்கு 15,625 கோடுகள். கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையாக வரைவதால், ஒரு முறை மேலிருந்து கீழே வருவதற்கு விநாடியில் 50இல் ஒரு பங்கு ஆகும். கேமராவின் பின் மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாக டி.வி.யைப் பார்த்துக்கொண்டே ஷட்டரை அழுத்தினால், திறந்திருந்த நேரத்தில் வரையப்பட்ட பட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியும். 125இல் ஒரு பங்கு என்றால் திரை உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. 250 என்றால் ஐந்தில் ஒன்று. 500 என்றால் பத்தில் ஒன்று. திரையின் ஓரத்தில் காகித அளவுகோல் ஒட்டி வைத்திருந்தார். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள கேமராக்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். தராசுக்கு முத்திரை போட வரும் அதிகாரிகள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார்களா என்று நாங்கள் கேலி பேசியதுண்டு.

இட்லித் தட்டு எதற்கு என்றால், கழற்றிய திருகாணிகளுக்கு. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்ததில் என்று வரிசையாக வைப்பார். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். ஒரு தட்டில் ஒரு கேமராதான். சாப்பிடப் போனாலும் அந்தத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ரசீது எண்ணை எழுதிய சீட்டைச் சொருகிவிட்டுத்தான் எழுவார். ஜப்பான் கேமராக்களின் கூட்டல் குறித் திருகாணிகள் ஒரு தனி அளவு. நம் ஊர் ஸ்டார் திருப்புளி போட்டால் தலை சிதைந்துவிடும். அதற்கென்று திருப்புளியைத் தானே தேய்த்து வைத்திருந்தார்.

வடசென்னையில் கேமராவுக்குப் பெரிய எதிரி கடல் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் கண்ணாடியின் மேல் பூச்சைத் தின்று, நாளடைவில் கண்ணாடியிலேயே தடம் போட்டுவிடும். ஆரம்பத்தில் கொண்டுவந்தால் அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து துடைத்து எடுத்துவிடுவார். தடம் விழுந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலானவர்கள் கேமராவைப் பத்திரம் என்று தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைப்பார்கள். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தோல் உறையில்தான் பூஞ்சணம் நன்றாக வளரும். பூஞ்சணம் பிடித்த லென்ஸை நல்ல லென்ஸ் பக்கத்தில் வைக்க மாட்டார். வண்டு விழுந்த அரிசியை நல்ல மூட்டையோடு நாம் அடுக்குவோமா? அதே கணக்குத்தான். அதற்கென்று ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள். மணிகள் வெளிர்ச் சிவப்பாக மாறினால் எங்கள் வீட்டு அடுப்பில் வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்கிக்கொண்டு போவார்.

ரசீதும் பேரேடும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஃபிலிம் உள்ளே இருக்கும் கேமராவை அவர் வாங்கவே மாட்டார். இருட்டுப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமைச் சுருட்டி எடுத்து, வந்தவர் கையிலேயே கொடுத்து, "ஃபிலிம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் கேமராவுக்கு ரசீது. பிறகு வந்தவர் முன்னாலேயே கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருக்கிற குறைகளை எழுதுவார். மேல் மூடியில் நசுங்கல், லென்ஸில் கீறல், வார் இல்லை, உறை கிழிந்தது என்று ஒன்று விடாமல். "நான் சரி பண்ணப் போறது ஒண்ணுதான். ஆனா திருப்பிக் கொடுக்கும்போது பத்துக்குப் பதில் சொல்லணும்" என்பார். பொருளை வாங்கும்போது அதன் நிலையை எழுதாதவர், திருப்பிக் கொடுக்கும்போது வாய்ச்சண்டை போட வேண்டியதுதான். கிடங்கில் பிறர் மூட்டையை இறக்க இடம் கொடுக்கிற நம் மொத்த வியாபாரிகளில் எத்தனை பேர், வரும்போதே மூட்டை நனைந்திருந்ததா, தையல் பிரிந்திருந்ததா என்று எழுதி வைக்கிறோம்?

கூலியைப் பார்த்த பிறகுதான் சொல்வார். திறந்து பார்ப்பதற்கு மட்டும் ஒரு சிறு தொகை. சரியாகாது என்றால் அதையும் வாங்க மாட்டார். இது எங்களுக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். திறந்து பார்ப்பதும் வேலைதானே, அரை நாள் போகிறதே என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. பழைய உதிரிபாகத்தை மாற்றினால், மாற்றிய பழையதைக் காகிதத்தில் மடித்துக் கேமராவோடு சேர்த்துக் கொடுப்பார். அது வாடிக்கையாளர் பொருள் என்பது அவர் கட்சி. தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

பேரேட்டில் ஒரு ரசீதுக்கு ஒரு வரி: எண், தேதி, பெயர், முகவரி, கேமராவின் பெயர், அடியில் உள்ள வரிசை எண், குறை, சொன்ன கூலி, வாங்கியது, திருப்பிக் கொடுத்த தேதி, கையெழுத்து. கடனுக்குத் தனிப் பக்கம். கல்யாண ஃபோட்டோகிராபர்கள் முகூர்த்த மாதம் முடிந்துதான் பணம் கொடுப்பார்கள் என்பதால் கடன் தவிர்க்க முடியாதது. கடைசி நாள் வரை ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148ஆம் பிரிவிலிருந்து தனி விதிகள் உள்ளன. 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாற்றுவாரோ அப்படி நாம் பிறர் பொருளைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவு கவனம் எடுத்தும் பொருள் கெட்டுவிட்டால் அல்லது தொலைந்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை நாம் பொறுப்பில்லை என்கிறது 152. ஆனால் கவனம் எடுத்தோம் என்று காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

மளிகைக்காரர்கள் 157ஆம் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டமே அங்கே கொடுக்கும் உதாரணம் மாவு வியாபாரம்தான். ஒருவர் 45 ரூபாய் மதிப்புள்ள ஒரு பீப்பாய் கேப் மாவை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். அவர் கேட்காமலேயே 25 ரூபாய் மதிப்புள்ள தன் நாட்டு மாவோடு கலந்துவிடுகிறார். பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டதால் மாவுக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் இறக்கிய அரிசியையும் நம் அரிசியையும் ஒரே அம்பாரமாகக் கொட்டிவிட்டு, "மூட்டை எண்ணிக்கை சரியா இருக்கே" என்று சொல்வது சட்டத்தில் எடுபடாது.

கூலி கொடுக்காவிட்டால்? உழைப்போ திறமையோ செலுத்திப் பொருளைச் சரிசெய்தவர், கூலி வரும் வரை அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்க 170ஆம் பிரிவு உரிமை தருகிறது. வைரம் பட்டை தீட்டியவர், கூலி வாங்கும் வரை வைரத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் உதாரணம். அதை அடுத்தே இன்னொரு உதாரணம்: கோட்டு தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட தையற்காரர், கூலிக்கு மூன்று மாதக் கடனும் கொடுத்துவிட்டார் என்றால், கோட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. கடன் என்று வாய் விட்டுச் சொன்ன அந்த நிமிடமே கையிலிருக்கும் பிடி போய்விடுகிறது. கேமராக்காரர் கடனுக்குத் தனிப் பக்கம் போட்ட காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. போன வருடப் பாக்கிக்காக இந்த வருடம் வந்த பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமை, 171ஆம் பிரிவின்படி, வங்கி, சரக்கை வாங்கி விற்றுத் தரும் முகவர், கப்பல்துறைக் கிடங்குக்காரர் போன்ற சிலருக்கே உண்டு. மற்றவர்களுக்கு வேண்டுமானால் அதைத் தெளிவாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமான செய்தி: பழுது பார்த்தவருக்குப் பொருளை வைத்திருக்கத்தான் உரிமையே தவிர, விற்க உரிமை இல்லை. அடகு பிடித்தவர் தக்க அறிவிப்புக் கொடுத்து விற்கலாம் என்று 176ஆம் பிரிவு சொல்கிறது. ரிப்பேர்காரருக்கு அப்படி எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. பத்து வருடம் ஆனாலும் அது வாடிக்கையாளர் பொருள்தான்.

நாற்பத்தோரு கேமராக்கள்

2000க்குப் பிறகு ஃபிலிமே போய்விட்டது. யாஷிகா பெயரில் கேமரா செய்த கியோசெரா நிறுவனம் 2005இல் அந்தத் தொழிலையே விட்டது. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. இந்தச் செய்திகளை நாம் பத்திரிகையில் படித்தோம். கேமராக்காரருக்கு அவை அலமாரியில் தெரிந்தன. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் திரும்ப எடுக்க வரவில்லை. முன்னூறு ரூபாய் கூலி கொடுத்து ஃபிலிம் கேமராவை மீட்பதைவிட ஃபோனில் படம் எடுப்பது சுலபமாகிவிட்டது. கையாளாக இருந்த பையன் சிசிடிவி மாட்டும் வேலைக்குப் போய்விட்டான். நம் கடைகளில் மாட்டியிருப்பது அதுதான். கெட்டுப்போனால் பெரும்பாலும் யாரும் பழுது பார்ப்பதில்லை, கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள். வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் வசதியும் தகவலும் நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. அது நம் நண்பருக்குப் பயன்படும் காலம் கடந்துவிட்டிருந்தது.

அவர் மறைந்தபோது அலமாரியில் 41 கேமராக்கள் இருந்தன. கடைச் சொந்தக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்து தரச் சொன்னார். இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய், பழைய கேமராக்களை வாங்கும் ஒருவர் வந்து, மொத்தமாக அறுபதாயிரம் ரூபாய் என்று விலை பேசினார். வீட்டுக்காரம்மாவுக்கு, அண்ணி என்றுதான் நாங்கள் அழைப்போம், அது அன்று பெரிய தொகை. ஆஸ்பத்திரிக் கடன் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று சொன்ன உறவினர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இருபது வருடமாக வராதவர் இனி வரவா போகிறார்? அண்ணி பேரேட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து, "இது யார் யாரோடதுன்னு இதுல இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தோம். ஃபோன் எண்களில் பாதி செல்லவில்லை; ஆறு இலக்க எண்களும் இருந்தன. முகவரி இருந்ததால் தபால் அட்டை போட்டோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் உள்ளவற்றுக்குச் சரக்கு டெலிவரிக்குப் போகும் பையன்களிடம் சீட்டுக் கொடுத்து விசாரிக்கச் சொன்னோம். ஆறு வாரம் ஆனது. பதினேழு பேர், அல்லது அவர்கள் பிள்ளைகள், வந்து வாங்கிக்கொண்டார்கள். கேமராவின் அடியில் உள்ள எண்ணையும் பேரேட்டு எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகே கொடுத்தோம். ஒருவர் இரண்டு யாஷிகாக்களில் நல்லதாக இருந்ததைத் தன்னுடையது என்று எடுத்தார்; எண் வேறாக இருந்தது. அவரும் வேண்டுமென்று செய்யவில்லை, இருபது வருடத்தில் யாருக்குத்தான் நினைவிருக்கும்? எண் மட்டும் இல்லாவிட்டால் அன்று பெரிய சண்டை நடந்திருக்கும். 1998இல் எழுதிய 120 ரூபாய்க் கூலியை அப்படியே எண்ணி வைத்தவர்கள் உண்டு. மனம் கேட்காமல் ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்தவர்களும் உண்டு. அண்ணி வாங்கிக்கொண்டார். அதில் தவறொன்றும் இல்லை என்பது எங்கள் கருத்து.

ஒன்பது பேர், "எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதை வாய்ச்சொல்லாக விடாமல், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் வாங்கினோம். அந்த ஒன்பதும் அதன் பிறகுதான் அண்ணியின் பொருள். அவற்றை மட்டும் அந்தப் பழைய கேமராக்காரரிடமே பேரம் பேசி விற்றுக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை பேசியதில், மொத்த விலைக்கு அவர் சொன்ன சராசரியைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. மீதி பதினைந்துக்கு உரியவர்கள் யாரும் அகப்படவில்லை. பட்டியல் எழுதி, நீல மணிகள் போட்ட அதே தகரப் பெட்டியில் வைத்து அண்ணி வீட்டில் இருக்கின்றன. பட்டியலின் நகல் எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ரசீதில் என்ன அச்சிடலாம்?

மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ், மாவு மில், தையல், சலவை என்று கடையோடு சேர்த்து நடத்தும் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. ரசீதின் பின்னால் எதை அச்சடித்தாலும் செல்லும் என்று எண்ண வேண்டாம். பொருள் தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம் மட்டுமே தருவோம் என்று ஒரு சலவை நிறுவனம் ரசீதில் அச்சிட்டிருந்தது. புடவை தொலைந்துபோய் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றபோது, அப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1966ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அந்தத் தீர்ப்பு வெளியாகியுள்ளது. ஆகவே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் வேண்டாம். காலத்தையும் அறிவிப்பையும் நியாயமாகச் சொல்லும் வாசகம் போதும். கீழே ஒரு மாதிரி தருகிறோம். உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றி, வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டி அச்சிட்டுக்கொள்ளவும்.

"இப்பொருள் கீழ்க்கண்ட நிலையில் பெறப்பட்டது. சொன்ன கூலியைச் செலுத்தி, இந்த ரசீதைக் காட்டிப் பொருளைப் பெற்றுக்கொள்ளவும். வேலை முடிந்ததாகத் தெரிவித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால், கீழே எழுதிய முகவரிக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பப்படும். அறிவிப்பிலிருந்து மூன்று மாதத்துக்குப் பின் பொருளை விற்று, கூலியும் செலவும் போக மீதித் தொகையை உரியவர் பெயரில் வைத்திருக்க இதன் மூலம் சம்மதிக்கிறேன்."

இதன் கீழே வாடிக்கையாளர் கையெழுத்து இருக்க வேண்டும்; அச்சிட்டால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலும் அதே வாசகமும் அதே கையெழுத்தும் வேண்டும். ஏனெனில் நம் கையில் தங்குவது அடிக்கட்டைதான்.